தண்ணீர் வந்தால் அதுவே போய்விடும்

அடுத்தவர் ஒழுங்காகச் செய்து வைத்ததைக் கெடுத்துப் பார்ப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கியவள் நான். எங்கள் சர்ச் பங்குச் சாமியாரிடம் ஒருமுறை என் வேலையை இப்படித்தான் விளக்கினேன். "அதுக்கு ஆபீஸ் எதுக்கும்மா, நம்ம திருவிழாக் கமிட்டியிலயே சேர்ந்திருக்கலாமே" என்றார். வேலைக்குப் பெயர் டெஸ்டிங். செல்போனில் ஓடும் ஆப்களை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் நான் வாங்கி, எங்கே உடைகிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஆபீஸில் இருக்கும் பிள்ளைகள் போன் செய்து, "மேடம், டெஸ்டிங்கைக்கூட இப்ப கம்ப்யூட்டரே பண்ணிருது. உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, கம்பெனி ஆண்டு மலர்ல போடறோம்" என்கிறார்கள். கம்ப்யூட்டரிடமே என் அனுபவத்தையும் கேட்டிருக்கலாம். கேட்டிருப்பார்கள், சரியாக வந்திருக்காது. அதனால்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

நான் இதற்கென்று படித்தவள் இல்லை. டைப்ரைட்டிங், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சில மாதம், லாரி புக்கிங் ஆபீஸில் பில் அடித்தது, கல்யாணம், பிள்ளைகள், மறுபடியும் பில். அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் பொன்னுசாமி சார் சாப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தபோது கணக்கு எழுதத்தான் போனேன். ஒருநாள் பையன்கள் செய்த ஒரு ஆப்பைக் கொடுத்து, "சும்மா பாருங்க மேடம்" என்றார். சாயங்காலத்துக்குள் அதை நான் பல விதமாகச் சாகடித்துவிட்டேன். செய்தவர்களுக்குக் கோபம். சாருக்கு மட்டும் என் திறமை புரிந்தது.

என் முறை எளிமையானது. ஆப்பைத் திறந்து பாதி விவரம் நிரப்புவேன். அப்போது பக்கத்து மேசையிலிருந்து என் போனுக்கு அழைக்கச் சொல்வேன். பேசிவிட்டுத் திரும்பினால் நிரப்பியது இருக்கிறதா? அடுத்து போனைக் குறுக்குவாக்கில் திருப்புவேன். அந்தக் காலத்தில் போனைத் திருப்பினாலே பாதி ஆப்கள் எழுதியதை மறந்துவிடும். அடுத்து நெட்டை அணைப்பேன். பிறகு நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்வேன். சார்ஜ் மிச்சமாகும் என்று ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளி மூடுவார்களே, அது. கடைசியாக போனையே ஆஃப் செய்து ஆன் செய்வேன். எழுதியவன் திரும்பி வரும்போது அவன் எழுதியது அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் என் படிப்பு.

பொன்னுசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாக வளர்ந்தவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அலுவலகத்தில் காபி கொண்டுவருபவரையும் "வாங்க, உக்காருங்க" என்பார். எதைக் கேட்டாலும் "பண்ணிப்போடலாமுங்க" என்பார். வாடிக்கையாளர் நிலாவுக்கு ஆப் கேட்டாலும் அதே பதில்தான். "சார், டெஸ்ட் பண்ண பழைய போன் ஒண்ணு வேணும். காட்டுல, கடையில இருக்கறவங்ககிட்ட இந்தப் புதுப் போனெல்லாம் இருக்காது" என்று நான் கேட்டபோதும் "பண்ணிப்போடலாமுங்க மேடம்" என்றார். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார், அடுத்த வார்த்தை பேச நமக்கே கூச்சமாகிவிடும்.

ஆப் மூடிக்கொண்டால் திரையில் என்ன காட்டுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. 'எதிர்பாராத பிழை ஏற்பட்டுவிட்டது, மன்னிக்கவும்' என்று போடலாம் என்றார் சார். "எதிர்பாராததா? நான் ஒரு மாசமா எதிர்பார்த்துக்கிட்டிருக்கேனே சார்" என்றேன். சிரித்தார். வாசகத்தை மாற்றவில்லை.

என்னை உண்மையில் ஆட்டி வைத்தது ரிக் வண்டி ஆப். திருச்செங்கோட்டுப் பக்கம் நல்லமுத்துக் கவுண்டர் என்று ஒருவர். ஊரில் காடு, தோட்டம் என்று நிலபுலன், அதோடு போர்வெல் போடும் ரிக் வண்டிகள் மூன்று. வண்டி எங்கே துளை போட்டாலும் தான் வீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று ஆப் கேட்டார். செய்து கொடுத்தோம். வண்டியில் இருக்கும் ஆபரேட்டர், ஒவ்வொரு இரும்பு ராடும் பூமிக்குள் இறங்கியதும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். மண், பாறை, ஈரம், தண்ணீர். எல்லாம் ஆனபின் கடைசியில் 'முடிந்தது'. அதை அமுக்கினால் மொத்தமும் கவுண்டரின் போனுக்குப் போகும். ஆபரேட்டரின் திரை துடைத்த பலகையாகி அடுத்த போருக்குத் தயாராக நிற்கும்.

ஆப்பைக் கொடுத்த சில மாதங்களில் கவுண்டரே ஆபீசுக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். எங்களுக்கு வாடிக்கையாளர் ஸ்வீட்டோடு வந்த வழக்கமே கிடையாது.

"ஏனுங்க பொன்னுசாமி, நெம்ப நல்ல ஆப்புங்க. என்ற வண்டியிலயே ஒரு பீடை இருந்திருக்குது, எனக்குத் தெரியாமயே போச்சு. இதுதான் காட்டிக் குடுத்துருக்குது" என்று போனை மேசையில் வைத்தார்.

மூன்று ஆபரேட்டர்களின் பெயர்கள். தண்ணீர் வந்த போர் பச்சை, வராதது சிவப்பு. இரண்டு பேருக்குப் பச்சையும் சிவப்பும் கலந்து கிடந்தன. மூன்றாவது ஆள் மாதேசு. அவன் பெயருக்குக் கீழே முழுக்க முழுக்கச் சிவப்பு.

"ஒண்ணுகூடவா தண்ணி வரலை?" என்றேன்.

"அதைத்தானுங்க அம்மிணி சொல்றேன். அவன் கை வெச்சா பாறைதான். தண்ணி வராத காட்டுக்காரன் எனக்குப் போன் போட்டு வையறான். வந்தவன் எவன் போன் போடறான்? எனக்கும் புரியாமயே இருந்துச்சு. இந்த வாரத்தோட அவனை எறக்கிப்போடறேன். போர் புடிச்சுக் குடுக்கற ஏஜெண்டுக கிட்டயும் சொல்லிப்போட்டனுங்க."

அந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காட்டை அடமானம் வைத்துப் போர் போடுகிறவர்கள் நீரோட்டம் தேடித் தேங்காயை உருட்டிப் பார்ப்பார்கள், வேப்பங்குச்சியைப் பிடித்துப் பார்ப்பார்கள், வண்டியின் ராசி, ஆபரேட்டரின் ராசி எல்லாம் விசாரிப்பார்கள். ராசியில்லாதவன் என்று ஒருவனுக்குப் பெயர் விழுந்துவிட்டால் அவனை வேறு எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள். அந்த மனிதனுக்கு அதோடு பிழைப்பு முடிந்தது.

கடித்த ஸ்வீட்டைக் காகிதத்தில் வைத்தேன். எந்த மனிதனாலும் இத்தனை ஒழுங்காகத் தோற்க முடியாது. அந்த ஒழுங்கு புரோகிராமுக்குத்தான் வரும். கவுண்டர் கிளம்பியதும், "சார், நான் அந்த வண்டியை நேர்ல பார்க்கணும்" என்றேன்.

"அவரே சந்தோசமாத்தானுங்களே மேடம் இருக்காரு?"

"அதுதான் சார் பயமா இருக்கு."

பண்ணிப்போடலாமுங்க என்றார். இந்தத் தடவை நானே எடப்பாடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

எடப்பாடியைத் தாண்டி ஒரு மேட்டுக்காடு. புருசன் பெண்டாட்டி இருவரும் தறி ஓட்டிச் சேர்த்த காசில் போர் போடுகிறார்கள். நான் போய்ச் சேரும்போது பாதி ராடு இறங்கியிருந்தது. காது அடைக்கும் சத்தம். துளையிலிருந்து கிளம்பிய கல்தூளில் என் ஊதாச் சேலை வெள்ளையாகிவிட்டது. மாதேசு நாற்பது வயது ஒல்லி மனிதர். தலையில் துண்டு. கவுண்டர் தூக்கிப் போடாமல் கொடுத்த பழைய போன் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு ராடும் இறங்கியதும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, பொத்தானை அமுக்கி, பதிவானதா என்று பார்த்து, மறுபடியும் பையில் வைத்தார். எங்கள் ஆப்பை இவ்வளவு பக்தியாக யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஆப் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். "நல்ல ஆப்புங்க மேடம்" என்றார். வேலை போகப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே சொன்னார்.

"தம்பி, உங்களுக்குத் தண்ணி வந்ததே இல்லையா?"

"வந்தாப்பலதானுங்க மேடம் எனக்கு நெனப்பு. நெறையக் காட்டுல வந்துச்சு, கண்ணுல பார்த்தேன். ஆனா கவுண்டர் போனுல காட்டறாரு, ஒண்ணுகூட இல்லீங்க. மிசின் பொய் சொல்லுமுங்களா? நாந்தான் நெனப்புத் தடுமாறிப் பேசறனாட்டம் இருக்குது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு மனிதனைத் தன் கண்ணையே நம்பாதபடி செய்துவிட்டு, ஸ்வீட் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

தூள் ஈரமாயிற்று. பிறகு சேறாக வந்தது. பிறகு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே எழுந்தது. காட்டுக்காரரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். வண்டியை நிறுத்தினார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் ஒரே சத்தம். மாதேசு தண்ணீர் என்ற பொத்தானை அமுக்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன். 'முடிந்தது' பொத்தானுக்கு விரல் போவதற்குள் காட்டுக்காரர் ஓடி வந்தார்.

"சாமி, ஒரு போட்டா எடு சாமி! பெங்களூர்ல இருக்கற பையனுக்கு அனுப்போணும். என்ற போனுல போட்டா வராது, நீயே எடுத்து நீயே அனுப்பிரு!"

மாதேசு எடுத்தார். தண்ணீரோடு ஒன்று, தேங்காயோடு ஒன்று, குடும்பமாக ஒன்று, வீடியோ ஒன்று. பெங்களூருக்கு அனுப்பினார். பையன் வீடியோவிலேயே கூப்பிட்டுவிட்டான். அவனுக்குத் தண்ணீரைக் காட்டி, அம்மாவைக் காட்டி, அம்மா அழுவதைக் காட்டி முடித்தபோது ராடைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். மாதேசு எங்கள் ஆப்பைத் திறந்தார். துடைத்த பலகை. அவர் நிம்மதியாகப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, எழுதினதெல்லாம் எங்கே?"

"போயிருச்சுங்க மேடம்."

"எங்கே போச்சு?"

"கவுண்டருக்குங்க."

"முடிந்தது பட்டனை நீங்க அமுக்கவே இல்லையே!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆப் செய்த கம்பெனியிலிருந்து வந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்ற பார்வை. "தண்ணி வந்தா அதுவே போயிருமுங்க மேடம். வர்லீன்னாத்தான் நாம அமுக்கோணும்."

கழற்றிப்போட்டிருந்த ராடு ஒன்றின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அழுகை வந்தது.

நடந்தது இதுதான். பழைய போனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை தாங்காது. கேமராவைத் திறந்தால் இடம் வேண்டும் என்று பின்னால் இருக்கும் ஆப்பைச் சத்தமில்லாமல் மூடிவிடும். எங்கள் ஆப்போ, 'முடிந்தது' அமுக்கும் வரை எழுதியதை எங்கும் சேமிக்காமல் மனப்பாடமாகவே வைத்திருந்தது. மூடியதும் அத்தனையும் போயிற்று. தள்ளி மூடினால் தொலைகிறது என்று நான் அப்போதே எழுதிக் கொடுத்திருந்தேன், வேலை நடுவில் யார் மூடப்போகிறார்கள் என்று பையன்கள் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். மறுபடி திறந்தால் வெற்றுப் பக்கம். ஒழுங்காக அனுப்பினாலும் அதே வெற்றுப் பக்கம். மனிதர் என்ன செய்வார்? பார்த்ததை வைத்து ஒரு விதியைக் கண்டுபிடித்துக்கொண்டார். தண்ணீர் வராத காட்டில் யார் போட்டோ எடுக்கிறார்கள்? ஒருவரும் வாய் திறக்காமல் கலைந்து போவார்கள். அங்கே மாதேசு யார் தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்து, ஒரு ராடு விடாமல் பார்த்து, 'முடிந்தது' அமுக்கி அனுப்பியிருக்கிறார். போர்க் காசை ஏஜெண்டுகள் மொத்தமாகக் கொடுத்துவிடுவதால், எண்ணிக்கை குறைவதைக் கவுண்டரும் கவனிக்கவில்லை.

மற்ற இரண்டு ஆபரேட்டர்களுக்கு எப்படிப் பச்சை விழுந்தது என்றும் விசாரித்தேன். அவர்கள் வேலை நடக்கும்போது ஆப்பைத் தொடுவதே இல்லையாம். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து குத்துமதிப்பாக அமுக்கி அனுப்பிவிடுவார்களாம். சோம்பேறிகளுக்கு எங்கள் ஆப் மிக அருமையாக வேலை செய்திருக்கிறது.

"அந்தப் போனைக் குடுங்க தம்பி" என்று வாங்கி போட்டோக்களைத் திறந்தேன். தண்ணீர், தேங்காய், கற்பூரம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வேறு வேறு காடு, வேறு வேறு குடும்பம், எல்லோர் முகத்திலும் அதே சிரிப்பு. எந்தக் கேமரா அவருடைய பதிவை அழித்ததோ, அதே கேமரா சாட்சியையும் வைத்திருந்தது. எதிலும் மாதேசு மட்டும் இல்லை. எடுத்தவர் அவர்தானே.

அன்றைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டர் வீட்டுக்குப் போனேன். கவுண்டர் மோர் கொடுத்தார். போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இது குமாரபாளையத்துக்காரரு காடுங்களே. அட, இது நம்ம மச்சான் தோட்டம்! இங்கயா தண்ணி வந்துச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று சொல்லிக்கொண்டே கடைசிப் போட்டோ வரை போனார். மாதேசு வாசல்படியிலேயே நின்றிருந்தார். நான் விடாமல் விளக்கினேன். கேமரா, பழைய போன், சேமிக்காத ஆப், எங்கள் பக்கத் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கவுண்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அட என்ற சாமி!" என்று கடைசியில் எழுந்து மாதேசின் தோளைப் பிடித்தார். "இவன் ராசிக்காரனுங்க அம்மிணி! இத்தன நாளா எனக்குத் தெரியாமப் போச்சே!" பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அப்ப மத்தவங்க ரெண்டு பேரையும் எறக்கிப்போடலாமுங்களா?"

அவர்களை இறக்காமல் வைப்பதற்கு இன்னொரு தம்ளர் மோர் குடிக்க வேண்டியிருந்தது. மாதேசுக்கு வேலை தப்பியது. புதுப் போனும் கிடைத்தது. புதுப் போனில் எங்கள் தப்பு தானாகவே மறைந்துவிடும். அதனால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த டெஸ்ட் போன் கடைசியில் இப்படித்தான் கைக்கு வந்தது.

ஆபீஸில் ஆப் எழுதும் பையன்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "போனே ஆப்பைக் கொன்னா நாம என்ன மேடம் பண்றது?" என்றார்கள். "உயில் எழுதறவங்க செத்த பிறகா எழுதறாங்க? உயிரோட இருக்கும்போதே எழுதி வைங்கடா" என்றேன். ஒரு ராடுக்குப் பொத்தானை அமுக்கினால் அந்த நொடியே போனுக்குள் பதிய வேண்டும். ஆப் எப்படி மூடினாலும், மறுபடி திறந்தால் விட்ட ராடில் வந்து நிற்க வேண்டும். கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டுமே 'போய்ச் சேர்ந்தது' என்று காட்ட வேண்டும். செய்தார்கள். அந்தப் பழைய போனில் கேமராவைத் திறந்தேன், வீடியோ எடுத்தேன், ஆஃப் செய்தேன், எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி மூடினேன். ஒரு ராடு தொலையவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

இத்தோடு முடிந்திருக்கலாம். கவுண்டர் மறுபடியும் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

"பொன்னுசாமி, இப்பத்தான் எதுவுமே தொலையறதில்லீங்களே. மொதப் பக்கத்துலயே ஆபரேட்டர் ராசி தெரியறாப்பல போட்டுருங்க. எவனுக்காச்சும் வரிசையாத் தண்ணி வர்லீன்னா அதுவே ஏஜெண்டுகளுக்கெல்லாம் சேதி அனுப்பிரோணும். எவனை எங்க ஏத்தறதுன்னு சுளுவாப் போயிரும்."

"பண்ணிப்போடலாமுங்க" என்றார் சார்.

பையன்கள் ஆசையாகச் செய்தார்கள். பச்சை வட்டம், சிவப்பு வட்டம், மேலே ஏறுகிறவர், கீழே இறங்குகிறவர். டெஸ்டிங்குக்கு என் மேசைக்கு வந்தது. எப்படியோ விசயம் தெரிந்து மாதேசு போன் செய்தார்.

"மேடம், இனிமே எதுவுமே தொலையாதுங்களாமா?"

"தொலையாது தம்பி."

"அப்பத் தண்ணி வராததும் தொலையாதுங்களே" என்றார். "இப்ப நாந்தான் ராசிக்காரன்னு எல்லாக் காஞ்ச காட்டுக்கும் என்னையத்தான் அனுப்பறாருங்க. தண்ணி வர்றதும் வராததும் நானுங்களா மேடம்? பாறைக்கு என்ற பேரு தெரியுமுங்களா?"

போனை வைத்துவிட்டு டெஸ்டிங்கை ஆரம்பித்தேன். கேமரா, போன் அழைப்பு, ஆஃப், ஆன், தள்ளித் தள்ளி மூடுவது என்று எனக்குத் தெரிந்த அத்தனை வழியிலும் கொன்று பார்த்தேன். ராசிப் பக்கம் சாகவில்லை. தண்ணீர் வராத ஒரு போரையும் மறக்கவில்லை. என் மொத்தச் சர்வீசில் இத்தனை நன்றாகச் செய்த வேலையை நான் பார்த்ததில்லை. ரிப்போர்ட்டில் 'ஃபெயில்' என்று எழுதி சார் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சற்று நேரத்தில் சார் அதைக் கையில் பிடித்தபடி வந்தார். "மேடம், எதுலீங்க ஃபெயிலு?"

"எதுலயும் இல்லை சார். எப்படிக் கொன்னாலும் சாகாம, ஒண்ணு விடாம ஞாபகம் வெச்சிருக்கு. அதனாலதான் ஃபெயில்."

அவர் என்னைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கவுண்டர்கிட்ட நான் என்னன்னுங்க சொல்றது?"

"தொறந்தா திடீர்னு மூடிக்குதுன்னு சொல்லுங்க சார்."

சொன்னார். கவுண்டர் நம்பினார்.